டிகிரி முடிஞ்சாச்சு, பூட்ஸ் இன்னும் கிழியல: காலேஜ் ஃபுட்பால் பிளேயர் அடுத்து எந்தப் பக்கம் போறது?

வருஷா வருஷம் ஏப்ரல்ல பழைய பசங்க மேட்ச்சுன்னு காலேஜ் கிரவுண்டுக்குப் போவோம், தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு இருபது நிமிஷம் ஆடிட்டு மூச்சு வாங்கிட்டு உக்காந்திருப்போம், அப்ப ஃபைனல் இயர் பையன் ஒருத்தன் தண்ணி பாட்டில நீட்டிட்டு பக்கத்துல உக்காருவான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அண்ணா, அடுத்து என்ன பண்றதுனே தெரியலண்ணா, ரயில்வேக்கு ட்ரை பண்ணவா, க்ளப்புக்குப் போகவா, இல்ல பிபிஎட் படிச்சு பிடி மாஸ்டர் ஆயிரவா, வீட்ல வேற கம்பெனி வேலைக்குப் போங்கறாங்க"ன்னு ஆரம்பிப்பான். ஆளு மாறுவான், கேள்வி மட்டும் அதேதான். இந்த வருஷம் மூணு பேரு கேட்டாங்க, தனித்தனியா சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

நான் யாருன்னு கேட்டா, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபெண்டர். சென்னைல ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, மூணு வருஷம் யுனிவர்சிட்டி டீம், அப்புறம் ஒரு சீசன் க்ளப், கொஞ்ச நாள் கேரளால செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு ஆடற ஆட்டம்), அப்புறம் முட்டி, இப்ப ஒரு கம்பெனில வேலை, சனி ஞாயிறு சின்னப் பசங்களுக்கு கோச்சிங். நாலு பக்கமும் தலைய விட்டுப் பாத்தவன்ங்கறதுதான் எனக்குள்ள தகுதி, மத்தபடி பெரிய ஆளு இல்ல.

மொதல்ல எத வச்சு எடை போடறது

பசங்க எல்லாரும் "எதுண்ணா பெஸ்ட்டு"ன்னுதான் கேக்கறாங்க. எது எப்ப காலாவதி ஆகுதுன்னு ஒருத்தனும் கேக்கல. எனக்கு இதுதான் முக்கியமான கணக்கு, ஏன்னா நம்ம கைல இருக்கற நாலு வழில ரெண்டுக்கு 25, 26 வயசுலயே கெடு முடிஞ்சிரும், மத்த ரெண்டும் அதுக்கப்புறமும் அங்கயேதான் நிக்கும். இது தெரியாம நெறைய பேரு, எப்ப வேணா பண்ணக்கூடியத இன்னிக்கே பண்ணிட்டு இன்னிக்கு விட்டா போச்சுங்கறத நாளைக்குன்னு தள்ளி வைக்கறாங்க.

ரெண்டாவது, மாசாமாசம் வீட்டுக்கு எவ்ளோ போகணும். காலேஜ்ல இருக்கறவரைக்கும் ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ்ல நமக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ரெண்டு முட்டை, வாழைப்பழம், அடி பட்டா டேப் சுத்திவிட ஆளு. கடைசி செமஸ்டர் எழுதின மறுநாள் இது எல்லாமே கட். நான் மொத மொத சொந்தக் காசுல ஒரு க்ரேப் பேண்டேஜ் வாங்குனப்பதான் மூணு வருஷமா எவ்ளோ சொகுசா இருந்திருக்கோம்னு உறைச்சுது.

மூணாவது, முட்டி போச்சுன்னா பில்லு யாரு கட்டுவா. நாலாவது, கைல என்ன சர்டிபிகேட் இருக்கு. அஞ்சாவதா, ஃபுட்பால் இல்லாம உன்னால இருக்க முடியுமா, இத அடுத்தவன் சொல்ல முடியாது.

சுருக்கமா ஒரு டேபிள்:

| வழி | வயசுக் கெடு | ஆரம்பத்துல காசு | அடி பட்டா | ஆட்டம் எவ்ளோ மிச்சம் |
|---|---|---|---|---|
| டிபார்ட்மென்ட் வேலை (ஸ்போர்ட்ஸ் கோட்டால சேந்து ஆபீஸ் டீமுக்கு ஆடறது) | 25, சில இடத்துல 27, அதுக்கு மேல | நிலையான சம்பளம் | வேலை இருக்கும் | பத்து வருஷம் வரைக்கும் ஆடலாம் |
| க்ளப் | சொல்லப்படாத கெடு, 23, 24 | சீசனுக்கு சீசன் மாறும் | பெரும்பாலும் உன் பாடு | முழு நேரமும் |
| பிபிஎட், கோச்சிங் | அவசரம் இல்ல | கம்மி | உக்காந்தும் சமாளிக்கலாம் | ஆடறது கம்மி, கிரவுண்டு நெறைய |
| கம்பெனி | ஃப்ரெஷரா போனா ஈஸி | சுமார், ஆனா மாசாமாசம் | இன்சூரன்ஸ் இருக்கும் | ராத்திரி டர்ஃப் |

டிபார்ட்மென்ட் வேலை

சென்னை லீக் பாத்தவங்களுக்குத் தெரியும், சதர்ன் ரயில்வே, ஐசிஎஃப் (ரயில் பெட்டி ஃபேக்டரி), இந்தியன் பேங்க், ஏஜி ஆபீஸ் (அரசுக் கணக்கு ஆபீஸ்), கஸ்டம்ஸ், இன்கம் டேக்ஸ்னு டிபார்ட்மென்ட் டீம்கதான் வருஷக்கணக்கா சீனியர் டிவிஷன தாங்கிப் புடிச்சிருக்கு. இந்தியன் பேங்க் ஒரு காலத்துல நேஷனல் ஃபுட்பால் லீக்லயே ஆடுன டீம். நம்ம ஏரியா அண்ணனுங்க பல பேரு குடும்பமா செட்டில் ஆனது இந்த வழிலதான்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டால 18-லேந்து 25 வயசு வரைக்கும்தான், இதுல யாருக்கும் தளர்வு கெடையாது. ஏஜி ஆபீஸ், இன்கம் டேக்ஸ்ல போஸ்ட்டப் பொறுத்து 27, அதுக்கு மேலயும் போகும். பேசிக் சம்பளம் 7-வது ஊதியக் குழு கணக்குல லெவல் 1-க்கு 18,000, லெவல் 2-க்கு 19,900, அதுக்கு மேல டிஏ, ஹெச்ஆர்ஏ எல்லாம். சின்னத் தொகையா தெரியலாம், ஆனா ஒண்ணாந் தேதி வந்துரும், க்ளப்புல ஆடுனவனுக்குத்தான் அந்த ஒண்ணாந் தேதியோட அருமை தெரியும்.

இப்ப சிக்கலுக்கு வரேன். லெவல் 2, 3 போஸ்ட்டுக்கு, ஆல் இண்டியா இன்டர் யுனிவர்சிட்டில மொத மூணு இடத்துக்குள்ள வந்த டீம்ல நீ ஆடியிருக்கணும், இல்லேன்னா ஸ்டேட்டுக்கு ஆடி நேஷனல்ல எட்டாவது இடத்துக்குள்ள வந்திருக்கணும், இந்த மாதிரி அளவுகோல் வச்சிருக்காங்க. நாங்க சவுத் ஸோன்ல கேரளா டீம்களோட முட்டி மோதி ஆல் இண்டியா போயி, மூணாவது இடத்து மேட்ச்ல பெனால்டில தோத்தோம். நாலாவது இடம். காலேஜ்ல பேனர் வச்சாங்க, மாலை போட்டாங்க, பிரின்ஸிபால் மைக்ல பேரெல்லாம் சொன்னாரு. ரயில்வே ஃபார்ம்ல அந்த நாலாவது இடத்துக்குன்னு ஒரு கட்டமே இல்ல. என் ரூம்மேட்டு அதே டீம்தான், ஆனா அவன் சந்தோஷ் டிராஃபிக்கு (ஸ்டேட் டீம்க மோதற நேஷனல்) ஸ்டேட் டீம்ல இருந்தான், அவன் இன்னிக்கு ரயில்வேல இருக்கான். ஒரே மெஸ், ஒரே கிரவுண்டு, ஒரே பெனால்டி, அந்த ஸ்டேட் டீம்தான் வித்தியாசம்.

அதோட சாதனைக்கும் காலாவதி உண்டு. நடப்பு நிதியாண்டு, அதுக்கு முந்துன ரெண்டு நிதியாண்டு, இதுக்குள்ள பண்ணதத்தான் எடுத்துப்பாங்க. ஃபர்ஸ்ட் இயர்ல வாங்குன மெடல நம்பி டிகிரி முடிச்சு ஒரு வருஷம் ரெஸ்ட் எடுத்துட்டு அப்ளை பண்ணா அது வெறும் ஷோகேஸ் ஐட்டம்.

மார்க்கு பாத்தா சாதனைக்கு 50, ட்ரையல்ஸுக்கு 40, படிப்புக்கு 10ங்கற மாதிரிதான் பிரிச்சிருப்பாங்க. ட்ரையல்ஸ் எப்படி இருக்கும்னு ஒரு தடவை போயிட்டு வந்தாத்தான் புரியும். காலைல ஆறு மணிக்கு நம்பர் போட்ட பிப் (மேல போட்டுக்கற பனியன்) குடுப்பாங்க, முன்ன பின்ன தெரியாத பத்து பேரோட ஒரு டீம், அவனவனுக்கு தன் ஆட்டத்தக் காட்டணும், ஒருத்தனும் பாஸ் குடுக்க மாட்டான். லெஃப்ட் பேக்கு பாஸ் வாங்க முன்னாடி ஏறி (ஓவர்லாப்) ஓடிக்கிட்டே இருப்பான், பால் வராது, மூணாவது ஓட்டத்துக்கு அப்புறம் நானே பால வெட்டி எடுத்து மேல கொண்டு போக ஆரம்பிச்சேன், அப்பதான் கோடு பக்கத்துல உக்காந்திருந்தவரு குனிஞ்சு ஏதோ எழுதுனாரு. ட்ரையல்ஸ்ல டிஃபெண்டரா இருந்தா மொத அஞ்சு நிமிஷத்துல சத்தம் போட்டு பேசு, பேக் லைன நீ நடத்து, அது பால் வராமலே கண்ணுல படற ஒரே விஷயம்.

இன்னொண்ணு, எல்லா வருஷமும் ஃபுட்பாலுக்கு போஸ்ட் வராது, வந்தாலும் கோல்கீப்பர் ஒண்ணு, ஸ்ட்ரைக்கர் ஒண்ணுன்னு பொசிஷன் போட்டு வரும். நீ மிட்ஃபீல்டரா இருந்தா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள ஒரு வயசு கூடிரும்.

மறைஞ்சிருக்கற செலவு ஒண்ணு இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. 33, 34-ல ஆட்டம் நின்னதும் டெஸ்க்குக்கோ ஒர்க்ஷாப்புக்கோ அனுப்புவாங்க. கூட சேந்தவன் பத்து வருஷம் ஃபைலு பாத்து, டிபார்ட்மென்ட் எக்ஸாம் எழுதி மேல போயிருப்பான், நீ புதுசா கத்துக்கணும், அதுவும் உன்னவிட பத்து வயசு சின்னப் பையன்கிட்ட. என் ரூம்மேட்டு இப்பவே சீசன் இல்லாத மாசத்துல எக்ஸாமுக்குப் படிக்கறான், அது புத்திசாலித்தனம்.

தமிழ்நாடு அரசு வேலைல ஸ்போர்ட்ஸுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு, அதையும் கண்ணு வச்சுக்கங்க. ஆனா அங்க எல்லா விளையாட்டுக்காரங்களும் ஒரே க்யூல நிப்பாங்க, தனியா ஓடி மெடல் வாங்குனவங்களோட பதினோரு பேரு ஆடற ஆட்டத்துக்காரன் போட்டி போடறது கஷ்டந்தான்.

க்ளப்

இதுல கனவு இருக்கு, அத நான் கிண்டல் பண்ண மாட்டேன். வியாசர்பாடில வளந்த தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்சிக்கு ஆடுனாரு, கன்னியாகுமரி கடலோரத்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல்ங்கற நாட்டோட டாப் லீக் வரைக்கும் போனாரு, நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் 2023 ஆகஸ்ட்ல டூரண்ட் கப் டெர்பில ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா அடிச்ச கோல இன்னிக்கும் ஈஸ்ட் பெங்கால்காரங்க பேசிட்டு இருக்காங்க. 2019 மார்ச் 9 கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி க்ளப் மினர்வா டீம 3-1 ஜெயிச்சு ஐ-லீக்ங்கற தேசிய லீக் கப்பத் தூக்குனப்ப நாங்கல்லாம் நாமளே ஜெயிச்ச மாதிரி கத்துனோம், அந்த டீம்ல அவ்ளோ தமிழ்ப் பசங்க இருந்தாங்க.

அதே சென்னை சிட்டி 2020-21 சீசனுக்கு அப்புறம் ஐ-லீக்லயே இல்ல. சாம்பியன் ஆகி ரெண்டு வருஷம்! இதுதான் க்ளப் வாழ்க்கை, நீ நல்லா ஆடுனாலும் உன் க்ளப் இருக்குமாங்கறது உன் கால்ல இல்ல. 2025 ஜூலைல இந்திய ஃபுட்பால் பெடரேஷனுக்கும் (ஏஐஎஃப்எஃப்) லீக் நடத்தற கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப் போகுது, புதுசு கையெழுத்தாகலன்னு ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வச்சாங்க, சில க்ளப்புங்க சம்பளத்தையும் நிறுத்துச்சு. உச்சில இருக்கறவங்களுக்கே அந்த நெலமன்னா, மூணாவது நாலாவது அடுக்குல ஆடற நமக்கு என்னன்னு யோசிச்சுக்க.

என் சீசன் எப்படின்னா, தங்க எடம், சாப்பாடு, மாசம் ஒரு தொகைன்னு வாய்ல பேசுனாங்க. மொத ரெண்டு மாசம் வந்துச்சு. மூணாவது மாசம் "ஸ்பான்ஸர் காசு வரணும் தம்பி". அஞ்சாவது மாசம் ஃபோனே எடுக்கல. கைல எழுத்தா ஒண்ணும் இல்ல, யாருகிட்ட போய் கேக்கறது. அதனால ஒரு பக்கமா இருந்தாலும் பரவால்ல, கையெழுத்து போட்ட காகிதம் வாங்கு, ஃபெடரேஷனோட சிஆர்எஸ்ங்கற பிளேயர் ரெஜிஸ்ட்ரேஷன்ல எத்தன நாளைக்கு உன் பேரு அந்த க்ளப்புல இருக்குன்னு பாத்துக்க. அது தெரியாம மாட்டிக்கிட்டவன் நடுவுல வேற நல்ல டீம் கூப்ட்டாலும் ரிலீஸ் கெடைக்காம போக முடியாது.

காசு வராத நேரத்துல செவன்ஸ் போவோம். மலப்புறம் பக்கம் சீசன்ல ராத்திரி ராத்திரி மேட்ச், சுத்தி மரப்பலகை கேலரி, ஜனம் நம்ம கழுத்துல மூச்சு விடற தூரத்துல உக்காந்திருக்கும், ஆடி முடிச்சதும் கவர்ல காசு. க்ளப்பு மாசம் முழுக்க இழுத்தத அங்க நாலு மேட்ச்ல பாத்துருவேன். ஆனா கிரவுண்டு கட்டாந்தரை, டேக்கிள் எல்லாம் வெட்டற மாதிரி வரும், ஃபெடரேஷன் அங்கீகாரம் இல்லாத ஆட்டம், அடி பட்டா அந்தக் கவரோட கணக்கு முடிஞ்சுது. என் முட்டில மெனிஸ்கஸ்ங்கற ஜவ்வு கிழிஞ்சது அங்கதான். ஆபரேஷனுக்கு அப்பா நகைய அடகு வச்சாரு, மீதி கூட ஆடுன பசங்க கலெக்ட் பண்ணாங்க. செவன்ஸ்ல சம்பாரிச்ச மொத்தத்துக்கும் மேல அந்த ஒரு பில்லு.

அப்ப க்ளப்புக்கே போவாதன்னு சொல்றேனா? இல்ல. ரெண்டு நெலமைல க்ளப் சரி. ஒண்ணு, டிகிரி முடியறப்பவே மேல் அடுக்கு க்ளப் ஒண்ணு உன்ன கூப்ட்டு எழுத்துல குடுக்குதுன்னா கண்ண மூடிட்டு போ, 21 வயசுல இது ரெண்டாவது தடவை வராது. இன்னொண்ணு, ஸ்டேட் செலக்ஷனுக்காக. லீக்ல ஆடுனாத்தான் செலக்டர் கண்ணுல படுவ, சந்தோஷ் டிராஃபி டீமுக்குள்ள போனா அந்த சர்டிபிகேட் டிபார்ட்மென்ட் வேலைக்கு உதவும். அப்ப க்ளப்புங்கறது ஒரு ரெண்டு வருஷப் படிக்கட்டு. 24 ஆகியும் லோக்கல் லீக்ல பெஞ்ச்லதான் இருக்கன்னா உனக்கே தெரியும், நான் வேற சொல்லணுமா.

பிபிஎட், கோச்சிங்

நந்தனம் ஒய்எம்சிஏ காலேஜ்னாலே நம்ம ஊர்ல பிஇடி மாஸ்டர்தான் ஞாபகம் வருவாரு, ஹாரி பக்னு ஒரு அமெரிக்கர் 1920-ல ஆரம்பிச்ச எடம் அது. மேலக்கோட்டையூர்ல விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. பிபிஎட் ரெண்டு வருஷம், காலேஜ் பிடி ஆகணும்னா எம்பிஎட் இன்னொரு ரெண்டு வருஷம், அதுக்கு மேல நெட்டோ செட்டோ, காலேஜ் வேலைக்கான தகுதித் தேர்வு.

நல்லது என்னன்னா அவசரமே இல்ல. கொஞ்ச வருஷம் கழிச்சு கூட சேரலாம். அதனாலதான் பயத்துல 21-லயே இதுல போய் விழறவங்கள பாத்தா எனக்கு ஆத்திரமா வருது, அந்த ரெண்டு வருஷம் உன் காலு நல்லா இருக்கற ரெண்டு வருஷம். ஆனா ஒரு விதிவிலக்கு இருக்கு. பிஜி சேந்தா இன்னும் ரெண்டு தடவை இன்டர் யுனிவர்சிட்டி ஆடலாம், 25 வயசுக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். ஸ்ட்ராங்கான டீம் இருக்கற யுனிவர்சிட்டியா பாத்து எம்ஏ, எம்பிஏ, பிபிஎட் எதுவோ ஒண்ணு சேந்தேன்னா, படிப்பும் ஆச்சு, அந்த மூணாவது இடத்துக்கு இன்னும் ரெண்டு சான்ஸும் ஆச்சு. எனக்கு இத யாரும் அப்ப சொல்லல.

வேலைன்னு பாத்தா அரசுப் பள்ளி போஸ்ட்டு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) எப்ப அறிவிக்கும்னு காத்துக் கெடக்கணும். 2012-ல மாசம் 5,000 ரூபாய்க்கு பகுதிநேர ஆசிரியரா சேந்த உடற்கல்வி ஆளுங்க பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா ரோட்ல உக்காந்து போராடுன கதை எல்லாருக்கும் தெரியும். பிரைவேட் ஸ்கூல்ல சேந்தா ஃபுட்பால் மட்டும் இல்ல, ப்ரேயர்ல விசில் அடிக்கறது, ஆண்டு விழாவுக்கு சேர் போடறது, பஸ் டியூட்டி எல்லாம் உன் தலைலதான்.

கோச்சிங் தனி ரூட்டு. ஏஐஎஃப்எஃப் டி லைசன்ஸ் 18 வயசு ஆனாலே பண்ணலாம், அதுக்கு மேல சி, பி, ஏ, ப்ரோன்னு போகும். நான் டி பண்ணப்ப புரிஞ்சுது, இத்தன வருஷம் ஆடியும் ஒரு எட்டு வயசுப் பையனுக்கு பாஸ் எப்படி சொல்லித் தரணும்னு எனக்குத் தெரியலன்னு. சம்பளம் செஷன் கணக்கு, மழை வந்தா செஷன் இல்ல, அதனால மொத கொஞ்ச வருஷம் இத மட்டும் நம்பி குடும்பம் நடத்த முடியாது. டி லைசன்ஸ மட்டும் எந்த வழிக்குப் போறவனும் இப்பவே பண்ணி வச்சுக்கலாம், அது எதோடயும் மோதாது.

கம்பெனி வேலை

இதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சம்பளம் வரும், இன்சூரன்ஸ் கார்டு வரும், பொண்ணு வீட்ல கேட்டா சொல்றதுக்கு ஒரு பதில் வரும்.

பிரச்சன உள்ள போறதுலதான். மூணு வருஷம் கிரவுண்டுல ஓடி ஓடியே ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்குன அட்டெண்டன்ஸ் நம்மளது, இன்டர்னல் எழுதல, லேப் போகல, ஃபைனல் இயர்ல பாத்தா அஞ்சு அரியர். கேம்பஸ்ல வர்ற கம்பெனிங்க பாதி பேரு அரியர் இருந்தா கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. அதனால செகண்ட் இயர்ல இருக்கற தம்பிங்க இத படிச்சா, தயவுசெஞ்சு அரியர க்ளியர் பண்ணுங்கடா. நீ எந்த வழிக்குப் போனாலும் அது கழுத்துல தொங்கும், ரயில்வேல கூட டிகிரி கேக்கற போஸ்ட்டுக்கு டிகிரி சர்டிபிகேட் வேணும்.

உடம்ப பத்தி ஒண்ணு. சாப்பாடு அதே காலேஜ் அளவு, ஓட்டம் ஜீரோ, ஒரே வருஷத்துல எனக்கு பதினோரு கிலோ ஏறுச்சு. ராத்திரி பத்து மணிக்கு டர்ஃப் புக் பண்ணி ஆடுவோம், சைடுல ஆபீஸ் டீம் லீடு, எதுக்க ஏதோ ஒரு ஸ்டார்ட்டப். மொத நாள் நான் நார்மலா ஒரு டேக்கிள் போட்டேன், எல்லாரும் கொலகாரன பாக்கற மாதிரி பாத்தாங்க.

வீட்ல கடன் இருக்கு, அப்பாவுக்கு முடியல, தங்கச்சி படிக்கணும்னா இதுதான் சரி, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா சேந்ததும் டிபார்ட்மென்ட் நோட்டிஃபிகேஷன் பாக்கறத விட்றாத, சனி ஞாயிறு லீக் டீம் ஏதாவது ஒண்ணுல பேரு குடுத்து வை, ரெண்டு வருஷம் அப்படி ஓட்டலாம்.

பொண்ணுங்களுக்கு கணக்கு கொஞ்சம் வேற

க்ளப் காசு பசங்களவிட இன்னும் கம்மி, ஆனா ஸ்டேட் டீம் பலமா இருக்கு. தமிழ்நாடு பொண்ணுங்க டீம் சீனியர் நேஷனல 2018-லயும் 2023-லயும் ஜெயிச்சிருக்கு, மதுரை சேது எஃப்சி 2019-ல இந்திய மகளிர் லீக் சாம்பியன். அதனால ஸ்டேட் டீமுக்குள்ள வந்துட்டா கைல கெடைக்கற சர்டிபிகேட்டோட வெயிட்டே தனி. கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸ்ல எஸ்ஐ ஆ இருந்துக்கிட்டே இந்தியாவுக்கு ஆடுனாங்க. ஆட முடியாட்டி ரெஃப்ரீ பக்கமும் பாக்கலாம், திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரீ ஆனாங்களே. என் தங்கச்சி முறைல ஒருத்தி கேட்டா, அவளுக்கு நான் சொன்னது க்ளப்ப நம்பாத, ஸ்டேட் கேம்ப்ப மட்டும் விடாத.

இந்த வருஷம் பாட்டில் நீட்டுன பையன்

வயசு 21, ஸ்டாப்பர் பேக் (நடு டிஃபெண்டர்), போன சீசன் யுனிவர்சிட்டி டீம் ஆல் இண்டியால மூணாவது. எனக்கு பெனால்டில போனது இவன் கைல இருக்கு. அப்பா ஆட்டோ ஓட்றாரு, பெரிய கடன் இல்ல. முட்டி ரெண்டும் சுத்தம். ஒரு அரியர்.

அவன்கிட்ட சொன்னேன், இந்த மூணாவது இடம் உனக்கு இன்னும் ரெண்டு நிதியாண்டு உயிரோட இருக்கும், அதுக்குள்ள வர்ற எந்த டிபார்ட்மென்ட் நோட்டிஃபிகேஷனையும் விடாத, வெளியூரு ரயில்வே ஸோனா இருந்தாலும் போடு. சும்மா காத்திருக்காம பிஜி சேந்துரு, லீக்ல ஒரு டீம் புடி, ஸ்டேட் செலக்ஷனுக்கு நில்லு. செவன்ஸ் பக்கம் தலை வச்சுப் படுக்காத. ரெண்டு வருஷத்துல ஒண்ணும் நடக்கலன்னா அப்ப பிபிஎட்டோ கம்பெனியோ, ரெண்டும் அங்கயேதான் இருக்கும்.

எல்லாத்தையும் மண்டைய ஆட்டி கேட்டுக்கிட்டான். கெளம்பறப்ப, "ஃபார்ம் 3 வாங்கிட்டியா?"ன்னு கேட்டேன். இன்டர் யுனிவர்சிட்டி ஆடுனதுக்கு யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் டைரக்டர் கையெழுத்து போட்டுக் குடுக்கற காகிதம் அது, மெடலும் போட்டோவும் எவ்ளோ இருந்தாலும் அது இல்லாம நெறைய எடத்துல அப்ளிகேஷன் நிக்காது.

"அது என்னதுண்ணா?"ன்னான்.

"மெரிட் சர்டிபிகேட்டாவது இருக்காடா?"

"பிடி சார் பீரோல இருக்குண்ணா. சாவி அவருகிட்டதான். அவரு அடுத்த மாசந்தான் வராராம்."

மணி அஞ்சே கால், ஆபீஸ் இன்னும் தொறந்திருந்துச்சு. பூட்ஸக் கூட கழட்டாம ரெண்டு பேரும் அப்படியே நடந்து போனோம்.